ஆயர் ஈத்தாம் வீட்டுக் கோழிக்கூண்டு: மூன்று இழப்புகள், ஒரு மறுகட்டு

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு விடியற்காலையில் அம்மா பின்பக்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். “தம்பி, ஓடி வா. கூண்டுக்குள்ள என்னமோ சுருண்டு கெடக்கு.”

டார்ச் அடித்துப் பார்த்தேன். முட்டைப் பெட்டிக்குக் கீழே மலைப்பாம்பு. எட்டடி இருக்கும். உடம்பின் நடுவில் தேங்காய் அளவுக்குப் புடைப்பு. மற்றக் கோழிகள் எல்லாம் பரண் கட்டையின் மறுகோடியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல் நின்றன. எண்ணினேன். ஒரு பெட்டை குறைந்தது. தரையில் ஒரு துளி ரத்தம் இல்லை, ஒரு இறகு இல்லை.

அது நுழைந்த இடத்தைப் பிறகுதான் கண்டுபிடித்தோம். வலையை மூலைக் கம்பத்தில் அடித்திருந்த ஊசிகள் துருப்பிடித்துக் கழன்று, மூன்று அங்குலம் விலகியிருந்தது. வெறும் வயிற்றோடு அந்த வழியில் வந்தது, கோழியை விழுங்கிய பிறகு அதே வழியில் வெளியே போக முடியவில்லை. காலையில் கூண்டுக்குள் பாம்பு மாட்டிக்கொண்டு கிடப்பதன் கதை பெரும்பாலும் இதுதான்.

எங்கள் வீடு மலேசியாவின் பினாங்கில் ஆயர் ஈத்தாம் அணைக்குப் போகும் ஏற்றத்துக்குக் கீழே, மலையோரத்தில் இருக்கிறது. வேலிக்குப் பின்னால் ஒரு லோங்காங் (சாக்கடை வாய்க்கால்), அதற்குப் பின்னால் புதர், அப்புறம் காடு. ஒன்பது பெட்டை, ஒரு சேவல், அவ்வப்போது குஞ்சுகள் என்று அம்மா பல வருடமாக நாட்டுக்கோழி வளர்க்கிறார்கள். ஏழு மாதத்தில் மூன்று தடவை கோழிகளை இழந்தோம். ஒவ்வொரு தடவையும் வந்தது வேறு விலங்கு, வந்த வழியும் வேறு. ஒவ்வொரு தடவையும் போன தடவை வந்த திருடனுக்காகவே நான் கூண்டைச் சரிசெய்திருந்தேன். இந்த ஆய்வை எழுதக் காரணம் அந்தத் தவறுதான்.

பாம்பும் நான் அடைத்த ஓட்டையும்

பக்கத்து வீட்டு அங்கிள் பாராங் கத்தியோடு வந்துவிட்டார். அவரை நிறுத்த வேண்டியிருந்தது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மலைப்பாம்பு பாதுகாக்கப்பட்ட இனம். உரிமம் இல்லாமல் கொல்வது குற்றம். சட்டத்தை விடுங்கள், எட்டடி மலைப்பாம்பின் கடி ஆழமாகக் கிழிக்கும், பின்னோக்கி வளைந்த பல் வரிசை அதற்கு. 999-க்கு அழைத்தோம். பொதுத் தற்காப்புப் படையினர் வந்து, கொக்கியால் தலையை அழுத்தி, சாக்கில் போட்டு எடுத்துப் போனார்கள். கால் மணி நேர வேலை.

அன்றைக்கே அந்த மூலையில் புது வலைத் துண்டு ஒன்றை வைத்துக் கம்பியால் தைத்தேன். சரி, முடிந்தது என்று நினைத்தேன். அம்மா வேலியைச் சுற்றிக் கந்தகத் தூள் தூவினார்கள். எங்கள் தாத்தா காலத்திலிருந்து செய்வது, அவர்கள் மன நிம்மதிக்காக நானும் தடுக்கவில்லை. ஆனால் பாம்பு கந்தகத்தைத் தாண்டிப் போகும். அக்டோபர் மழையில் அந்தத் தூள் இரண்டு நாள்கூட நிற்கவில்லை.

அப்போது நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. பாம்பு முதலில் எதற்காக வந்தது? கோழிக்காக மட்டும் இல்லை. இரவில் தீவனத் தட்டைக் கூண்டுக்குள்ளேயே விட்டுவிடுவோம், மிச்சச் சோறும் அதில் கிடக்கும். அதற்கு எலி வரும். எலித்தடத்தைப் பிடித்துக்கொண்டு பாம்பு வரும். கூண்டுக்கு அடியில் எலிப் புழுக்கை குவிந்து கிடந்ததை நான் பல நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தைப்பூச இரவு

அடுத்தது தைப்பூசம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் எங்கள் சொந்தக்காரர்கள் வருடா வருடம் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். குடும்பமே அங்கேதான். கூண்டுக் கதவைச் சாத்த வேண்டிய நேரத்தில் நான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வீடு திரும்பியபோது விடியற்காலை மூன்றரை.

பின்பக்க விளக்கைப் போடுவதற்கு முன்பே ஒரு வாசம் வந்தது. ரம்பை இலையைக் கசக்கினால் வருமே, அந்த வாசம். எங்கள் தோட்டத்தில் ரம்பை கிடையாது. மலாய்க்காரர்கள் இந்த விலங்கை ‘மூசாங் பாண்டான்’ என்று சொல்வது சும்மா இல்லை. தமிழில் மரநாய் என்போம். வாலடிச் சுரப்பியிலிருந்து அந்த வாசத்தை விட்டுப் போகும்.

உள்ளே நான்கு கோழிகள் செத்துக் கிடந்தன. மூன்றுக்குக் கழுத்தில் கடி, ஒன்றுக்குத் தலையே இல்லை. ஒன்றைத்தான் தின்றிருந்தது, அதுவும் பாதி. எங்கும் சிதறிய இறகு. சேவல் ஓட்டின் மேல் ஏறித் தப்பியிருந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொரு கோழியாகத் தூக்கிப் பழைய துணியில் சுற்றி மாமரத்தடியில் வைத்தார்கள். அந்த நான்கில் ஒன்று, அடை உட்காரும்போது யார் கை வைத்தாலும் கொத்தும், அம்மாவை மட்டும் கொத்தாது.

கதவு திறந்திருந்ததால் அது கதவு வழியாக வந்திருக்கும் என்றே எல்லாரும் சொன்னார்கள். நான் ஏணி வைத்துக் கூரையைப் பார்த்தேன். மாமரத்துக் கிளை ஒன்று தகரத்துக்கு மேலே ஓரடி உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. தகரத்தின் புழுதியில் பாதத் தடம். நெளிவுத் தகரம் சுவரில் உட்காரும் இடத்தில், ஒவ்வொரு நெளிவுக்கும் அடியில் ஓர் இடைவெளி. ஓரிடத்தில் தகரம் தூக்கிக்கொண்டு நான்கு விரல் அகலம் திறந்திருந்தது. அதன் ஓரத்தில் சாம்பல் நிற முடி ஒட்டியிருந்தது. கதவு சாத்தியிருந்தாலும் அது வந்திருக்கும்.

மரநாயின் முக்கிய உணவு பழம்தான். பப்பாளி, மா, ரம்புத்தான், பனைவகைப் பழங்கள். கோழி கையெட்டும் தூரத்தில் கிடைத்தால் விடாது. எங்கள் மாமரத்தடியில் விழுந்த பழத்தை நாங்கள் பெருக்குவதே இல்லை. அது எத்தனையோ இரவுகள் எங்கள் தோட்டத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்திருக்கும்.

நான் கிளையை வெட்டினேன், தகர நெளிவுகளை வலையால் அடைத்தேன். மறுபடியும் அவ்வளவுதான்.

பட்டப்பகலில்

ஏப்ரலில் ஓர் அடைக்கோழி ஒன்பது குஞ்சு பொரித்தது. பகலில் அவற்றைத் திறந்த முற்றத்தில், வலை கட்டிய ஓட்டப் பகுதியில் விட்டிருந்தோம். மதியம் இரண்டு மணிக்கு அம்மா போனபோது ஐந்து குஞ்சு இல்லை. தாய்க்கோழி இறகை விரித்துக்கொண்டு ஒரு மூலையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. அந்த மூலையில் வலைக்கு அடியில் குழி. குழியிலிருந்து லோங்காங் வரைக்கும் நடுவில் வால் இழுத்த கோடு, இரண்டு பக்கமும் நகத் தடம்.

பியாவாக். நீர் உடும்பு. பகலில் திரியும், நீந்தும், தோண்டும், முட்டையையும் குஞ்சையும் அப்படியே விழுங்கும். மரநாய்க்கும் பாம்புக்கும் பயந்து இரவுக்கு மட்டும் காவல் போட்டிருந்தோம். பகலில் காவலே இல்லை.

இன்னொன்றும் இருந்தது. எங்கள் தரை சரிவு. மழை பெய்யும்போதெல்லாம் வலையின் அடியிலிருந்து மண் கரைந்து போய்க்கொண்டே இருக்கும். கட்டும்போது தரையோடு ஒட்டியிருந்த வலைக்கும் மண்ணுக்கும் நடுவில் இப்போது மூன்று விரல் இடைவெளி. உடும்புக்குப் பாதி வேலையை மழையே செய்து கொடுத்திருந்தது.

கூண்டை ஆய்ந்தது

இந்தத் தடவை ஓட்டையை அடைக்கவில்லை. முதலில் உட்கார்ந்து யோசித்தேன். கூண்டுக்கு நான்கு சுவர் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆறு பக்கம் இருக்கிறது. தரையும் கூரையும் சேர்த்து. எங்களைக் கொள்ளையடித்த மூன்றில் ஒன்று மட்டுமே சுவர் வழியாக வந்தது.

ஒரு இரவு, கோழிகளை அட்டைப்பெட்டிகளில் மாற்றிவிட்டு, கூண்டுக்குள் நூறு வாட்ஸ் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு, வீட்டு விளக்கையெல்லாம் அணைத்தேன். வெளியே நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பகலில் கண்ணுக்கே தெரியாத கசிவெல்லாம் அப்போது கோடு கோடாகத் தெரிந்தது. வெளிச்சம் கசிந்த ஒவ்வோர் இடத்திலும் என் சுண்டு விரலை வைத்துப் பார்த்தேன். விரல் நுழைந்தால் சாக்குக்கட்டியால் ஒரு வட்டம். மொத்தம் இருபத்துமூன்று வட்டம். கதவுக்கு அடியில் மட்டும் என் நான்கு விரலும் நுழைந்தன.

சுண்டு விரல் அளவு சும்மா எடுத்ததில்லை. எலி இரண்டு செண்டிமீட்டர் ஓட்டையில் நுழைந்துவிடும். பாம்பு தலை நுழைகிற இடத்தில் உடம்பையும் நுழைத்துவிடும். முட்டையிலிருந்து வந்த புதிதில் மலைப்பாம்புக் குட்டி கட்டைவிரல் தடிமன்தான். ஆகவே அரை அங்குலத்துக்கு மேல் எதுவும் திறந்திருக்கக்கூடாது.

பழைய வலை அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழிவலை, கண் இரண்டு அங்குலம். ஹார்ட்வேர் கடையில் கேட்டால் முதலில் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், பெயரே கோழிவலை. கோழி வெளியே போகாமல் இருக்க அது போதும். வெளியே இருப்பது உள்ளே வராமல் இருக்க அது உதவாது. நாய் பல்லால் இழுத்தாலே முறுக்குப் பிரிந்துவிடும். எங்கள் வலையில் ஓரிடத்தில் அப்படிப் பிரிந்த தடமும் இருந்தது. நாயும் முயற்சி செய்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை.

மறுகட்டு

மே 1 விடுமுறையோடு சேர்த்து நான்கு நாள். நானும் என் மச்சானும் செய்தோம்.

கூண்டு எட்டுக்கு நான்கு அடி. அதோடு ஒட்டிய ஓட்டப் பகுதி பன்னிரண்டுக்கு எட்டு. இரண்டுக்கும் ஆறடிக்குச் சற்றுக் குறைந்த உயரம். எல்லா இடத்துக்கும் ஒரே வலை: அரை அங்குலச் சதுரக் கண், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம், பற்றவைத்த பிறகு துத்தநாகம் பூசியது. பூசிய பிறகு பற்றவைத்த வலையில் ஒவ்வொரு முடிச்சும் முதல் மழைக்காலத்திலேயே துருப்பிடிக்கும். கடையில் முடிச்சை நகத்தால் சுரண்டிப் பார்த்து வாங்கினோம். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இந்த வலைக்கே போனது. நான் ஒரு ரிங்கிட்கூட அங்கே மிச்சம் பிடிக்கச் சொல்ல மாட்டேன்.

வலைச் சுருள் மூன்றடி அகலம். இந்தச் சுவருக்கு இரண்டு பட்டை வேண்டும். இரண்டும் சேரும் இடம்தான் பலவீனம். அதனால் மூன்றடி உயரத்தில் சுற்றிலும் ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்து, மேல் பட்டையும் கீழ்ப் பட்டையும் அந்தச் சட்டத்தின் மேல் இரண்டு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்தோம். முதலில் மச்சான் ஊசித் துப்பாக்கியால் அடித்தார். நான் ஒரு கட்டிங் பிளேயரால் வலையைப் பிடித்து இழுத்தேன். பொத்தான் அறுந்து விழுவதுபோல வரிசையாக ஊசி பிடுங்கிக்கொண்டு வந்தது. “அண்ணே, இது நமக்கே நிக்கல, நாய்க்கு எங்க நிக்கும்,” என்றார். அப்புறம் எல்லாம் திருகாணி, ஒவ்வொன்றுக்கும் அகலமான வாஷர், நான்கு விரலுக்கு ஒன்று. அதன் மேல் ஒரு மெல்லிய மரச்சட்டத்தை வைத்து வலையின் ஓரத்தை நசுக்கி முடுக்கினோம். கேபிள் டை எங்கேயும் கிடையாது. நம் வெயிலில் அது சீக்கிரமே காய்ந்து நொறுங்கிவிடும், எலியும் கடிக்கும்.

தரைக்கு என்ன செய்வது என்பதில்தான் இரண்டு பேருக்கும் நெடுநேர வாக்குவாதம். வலையை ஓரடி ஆழத்துக்குப் புதைக்கலாம் என்றார் மச்சான். தோண்டினால் செம்மண்ணும் பாறைத் துண்டும் மாமர வேரும். அரை நாளில் நான்கடிகூட நகரவில்லை. அதனால் புதைக்காமல், சுவர் வலையின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டடி அகலத்துக்கு வலையைத் தரையிலேயே படுக்கப் போட்டோம், வேட்டியின் கரை மாதிரி. தோண்டும் விலங்கு சுவரை ஒட்டித்தான் தோண்டும். இரண்டடி பின்னால் போய் அங்கிருந்து தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. காலடியிலேயே வலை தடுத்தால் இன்னோர் இடத்தில் முயலும், அங்கேயும் வலை. இதை வளைந்த கம்பியால் மண்ணில் குத்தி, சரிவின் கீழ்ப் பக்கத்தில் மட்டும் சிமெண்டுக் கல் அடுக்கினோம். கல் வலையைப் பிடிப்பதற்காக இல்லை. மழையில் மண் கரைவதை நிறுத்துவதற்காக. ஒரே மாதத்தில் புல் வலைக்கு ஊடாக முளைத்து அதைத் தைத்துவிட்டது. கூண்டின் உள்தரைக்கும் அதே வலையைப் போட்டு, மேலே நான்கு அங்குலம் மண்ணும் மரத்தூளும் பரப்பினோம். கோழிக்குக் காலால் கிளற வேண்டும், வெறும் வலையில் நின்றால் பாதம் புண்ணாகும்.

கூரை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இவ்வளவு நடந்த பிறகு பலகையால் கெட்டியாக மூடிவிடலாம் என்று அம்மாகூடச் சொன்னார்கள். நம் ஊர் வெயில் உக்கிரத்தில் அது கோழியை வேகவைப்பதற்குச் சமம். கோழிக்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். காற்று நிற்கும் கூண்டில் எச்சத்தின் ஆவி கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கும். ஆகவே தகரத்தை ஆறு அங்குலம் தூக்கி, அந்த இடைவெளி முழுவதும் வலை போட்டோம். சூடு மேலே ஏறி வெளியே போய்விடும், மரநாய்க்கு வழி இல்லை. ஓட்டப் பகுதியின் மேல்பக்கமும் முழுக்க வலை. பருந்து, காக்கை, குரங்கு எல்லாவற்றுக்கும் அதுவே பதில்.

கதவுக்கு மேலும் கீழும் ஒவ்வொரு தாழ்ப்பாள், இரண்டிலும் மலையேறிகள் பயன்படுத்தும் ஸ்பிரிங் கொக்கி. எங்கள் பக்கத்துக் குரங்குகள் குப்பைத் தொட்டியின் மூடியைத் திறப்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வெறும் இழுப்புத் தாழ்ப்பாள் அவற்றுக்கு ஒரு விஷயமே இல்லை. கதவுக்கு அடியில் மரவாசற்படி ஒன்று, கதவு அதன் மேல் வந்து அமரும்படி.

நேரமும் தீவனமும்

கட்டியது பாதி வேலைதான். தைப்பூச இரவு எனக்கு மறக்கவே இல்லை. மனிதன் மறந்தாலும் கதவு மூட வேண்டும். கோழிகள் நுழையும் சிறு கதவுக்கு ஒரு மோட்டார் வாங்கினேன். வெளிச்சத்தைப் பார்த்து மூடும் வகையும் உண்டு, ஆனால் மழை இருட்டில் மாலை ஆறு மணிக்கே அது ஏமாந்துவிடும், கோழி வெளியே நின்றுவிடும். பினாங்கில் வருடம் முழுவதும் சூரியன் மறைவது ஏறக்குறைய ஏழிலிருந்து ஏழே முக்காலுக்குள். ஆகவே கடிகாரமே போதும். இரவு எட்டுக்கு மூடும், காலை ஏழரைக்குத் திறக்கும். அதற்கு வெளியே, சுற்றிலும் வலை போட்ட ஓட்டப் பகுதி இரண்டாம் அரண். ஒன்று தவறினாலும் இன்னொன்று நிற்கும்.

தீவனத் தட்டு இப்போது அந்தி சாய்வதற்கு முன் வீட்டுக்குள் வந்துவிடும். மூட்டை, இறுக்கமான மூடி போட்ட தகர டின்னில். மிச்சச் சோறு காலையில் மட்டும், அதுவும் அரை மணியில் தின்று முடிக்கிற அளவு. விழுந்த மாம்பழத்தைத் தினமும் பொறுக்குகிறோம். எலிப் புழுக்கை மூன்று வாரத்தில் குறைந்தது, இரண்டு மாதத்தில் நின்றது. இந்த ஒரு பழக்கம் வலைக்குச் சமமான வேலையைச் செய்கிறது என்பது என் எண்ணம். கைச்செலவும் இல்லை.

மறுகட்டுக்குப் பிறகு

பதினொரு மாதம் ஆகிறது. ஒரு கோழிகூடப் போகவில்லை. அதற்காக எதுவும் வரவில்லை என்று அர்த்தமில்லை. கரை வலையின் மேல் உடும்பின் நகக் கீறலை இரண்டு தடவை பார்த்தேன். ஜூலையில் ஓர் இரவு சேவல் கத்தியது, போய்ப் பார்த்தால் தகரத்தின் மேல் மரநாய் உட்கார்ந்து, தூக்கிய இடைவெளியின் வலையை முகர்ந்துகொண்டிருந்தது. டார்ச் பட்டதும் மதில் மேல் இறங்கி, அவசரமே இல்லாமல் நடந்து போனது. அந்த ரம்பை வாசம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

இப்போது பதினான்கு கோழிகள். ஞாயிற்றுக்கிழமைதோறும் கூண்டைச் சுற்றி ஒரு நடை, சுண்டு விரலோடு. போன வாரம் சரிவுப் பக்கத்தில் ஒரு கல் புரண்டிருந்தது. அதன் பின்னால் கரை வலையின் வெட்டிய ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு. அழுத்தினால் இரண்டு கம்பி ஒடிந்தது. புதுத் துண்டு வெட்டி வைத்திருக்கிறேன். மச்சான் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.